ஆள் குறைந்த படகு

1969 ஏப்ரல் 22 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்குள் சாயம் போய்த் துரு வழிந்த ஒரு சின்னப் பாய்ப்படகு நுழைந்தது. சுங்க அதிகாரிகள் வழக்கப்படி ஏறிப் பார்த்து, கடைசியாகப் புறப்பட்ட துறைமுகம் எது என்று கேட்டார்கள். ஃபால்மத் என்று பதில் வந்தது. பதில் சொன்ன ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு அப்போது வயது முப்பது. 1968 ஜூன் 14 அன்று அதே துறையிலிருந்து கிளம்பியவர், 312 நாள் எங்கும் கரையேறாமல், யாரிடமும் ஒரு குடம் தண்ணீர்கூட வாங்காமல், தன்னந்தனியாக உலகைச் சுற்றிவிட்டு வந்திருந்தார். அதற்கு முன் அப்படிச் செய்தவர் எவரும் இல்லை.

அவருடைய படகின் பெயர் சுஹைலி. பிறந்த ஊர் பம்பாய். வணிகக் கப்பலில் அதிகாரியாக இருந்தபோது அங்கே கட்டிக்கொண்டது. 32 அடி நீளம், முழுக்கத் தேக்கு. வாச்சியையும், கயிறு சுற்றி இழுக்கும் துரப்பணத்தையும் வைத்து நம் நாட்டுத் தச்சர்கள் இழைத்த உடல். இன்றைக்கு அந்த அளவுப் படகை வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை விரிகுடாவுக்குள் ஒரு சுற்று போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

2024 அக்டோபர் 2 அன்று பம்பாய் இருக்கும் அதே மேற்குக் கரையில், கோவாவிலிருந்து இன்னொரு படகு கிளம்பியது. தாரிணி, 56 அடி. கோவாவிலேயே கட்டப்பட்டு 2017இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. உள்ளே இரண்டே பேர். ஒருவர் கோழிக்கோட்டுக்காரரான லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டில்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் என்று நான்கு துறைகளில் நின்று, 25,000 கடல்மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள். காற்று மட்டும்தான் உந்துவிசை.

இரண்டு பயணங்களுக்கும் இடையில் 56 ஆண்டுகள். இந்தக் காலத்தில் கடலோடியின் வேலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டால், கருவிகளைப் பற்றிய வேலைகள் அடியோடு மாறிவிட்டன, கையையும் கண்ணையும் தூக்கத்தையும் பற்றியவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன என்பேன். ஆள் குறைந்த படகின் கஷ்டம் முழுக்க அந்த இரண்டாவது கணக்கில்தான் கிடக்கிறது.

முதலில் மாறியதைப் பார்ப்போம். 1968இல் தான் இருக்கும் இடம் எது என்று தெரிந்துகொள்வதே அன்றாட உழைப்பு. நண்பகல் நெருங்கும்போது செக்ஸ்டன்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே வந்து, பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு நிற்க வேண்டும். கருவியின் சின்னக் கண்ணாடிக்குள் சூரியனைக் கீழே இறக்கி, அதன் அடிவிளிம்பு தொடுவானத்தில் உரசும்படி பிடிக்க வேண்டும். சூரியன் ஏறிக்கொண்டே இருக்கும், திருகாணியைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுவது நின்ற கணத்தில் கருவி காட்டும் கோணம்தான் அன்றைய உச்சி. அதை அட்டவணையோடு கூட்டிக் கழித்தால் அட்சரேகை கிடைக்கும். படகு அலையின் முகட்டில் இருக்கும்போது மட்டுமே உண்மையான தொடுவானம் தெரியும். பள்ளத்தில் தெரிவது அடுத்த அலையின் முதுகு. அதைத் தொடுவானம் என்று நம்பினால் கணக்கு பல மைல் தள்ளிப் போகும்.

தீர்க்கரேகைக்குத் துல்லியமான நேரம் வேண்டும். கடிகாரம் நான்கு நொடி தப்பினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல்மைல் தப்பும். அதற்காகத்தான் வானொலியில் வரும் நேரக் குறிப்பொலிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கெல்லாம் விதிவிலக்காக ஜோஷுவா ஸ்லோகம் என்ற மனிதர் இருந்தார். 1895இல் பாஸ்டனிலிருந்து கிளம்பி 1898இல் திரும்பிய அவர்தான் உலகைத் தனியாகச் சுற்றிய முதல் ஆள். ஒரு மலிவான தகரக் கடிகாரத்தை வைத்துக்கொண்டே சமாளித்தார். ஆனால் அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கப்பலில் கழித்தவர். அந்தக் கடிகாரக் கதையை நம்பி வேறு யாரும் இறங்கக் கூடாது.

மேகம் மூடினால் சூரியன் இல்லை. நான்கு நாள் மூடினால் நான்கு நாளும் உத்தேசக் கணக்குதான். தென்கடலில் இது அடிக்கடி நடக்கும். இன்று ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகில் இடத்தைச் சொல்லிவிடுகிறது. செக்ஸ்டன்ட், அட்டவணை, நேரக் குறிப்பொலி எல்லாம் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டன. இதற்காக நான் பழைய காலத்துக்கு ஏங்கிக் கண்ணீர் விடப்போவதில்லை. பாறையில் மோதிச் செத்தவர்களிடம் கேட்டால் எது நல்லது என்று சொல்வார்கள்.

ஆனால் பாறையும் முழுதாகப் போய்விடவில்லை. 2014 நவம்பர் 29 அன்று உலகப் பந்தயம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த டீம் வெஸ்டாஸ் விண்ட் என்ற அதிநவீனப் படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் இரவில் போய் ஏறியது. ஜிபிஎஸ் சரியாகத்தான் வேலை செய்தது. மின்னணு வரைபடத்தை நெருக்கமாகப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் திட்டு தெரிந்திருக்கும். பெரிதாக்காத திரையில் அந்த இடம் வெறும் நீலமாகக் கடந்து போயிற்று. அதில் ஒன்பது பேர் இருந்தார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். ஒன்பது பேர் கண்ணுக்குத் தப்பியது, தூக்கம் கெட்ட இரண்டு பேர் கண்ணுக்குத் தப்பாதா? தன் இடம் தெரியாதவன் பயந்து பயந்து போவான். தெரிந்தவனுக்குப் பயம் விட்டுப்போகிறது.

அடுத்தது படகின் உடம்பு. சுஹைலி கிளம்பிச் சில வாரங்களிலேயே, அட்லாண்டிக்கில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும்போது, ஏராக்கட்டைக்குப் பக்கத்துப் பலகைப் பொருத்தில் தண்ணீர் கசிந்தது. துறைமுகமாக இருந்தால் படகைக் கரையேற்றிக் கலப்பத்து அடித்துவிடுவார்கள். நடுக்கடலில் வழியில்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படகுக்கு அடியில் மூழ்கி, பொருத்தில் பஞ்சுத் திரியை அடைக்கப் பார்த்தார். மேலே வந்து மூச்செடுத்து மறுபடி மூழ்குவதற்குள் திரி வெளியே வந்துவிடும். கடைசியில் கித்தான் பட்டை ஒன்றில் தார் தடவி, செப்புத் தகடு வைத்து ஆணியடித்து மூடினார். இடையில் சுறா ஒன்று படகைச் சுற்றத் தொடங்கியது. மேலே ஏறித் துப்பாக்கியால் அதைச் சுட்டு, வேறு சுறாக்கள் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மீண்டும் இறங்கி மிச்ச வேலையை முடித்தார்.

பிறகு தென்னாப்பிரிக்காவுக்குக் கீழே பேரலை ஒன்று படகைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டது. அறையின் கூரை இருந்த இடத்திலிருந்து நகர்ந்தது. தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டது. அன்றிலிருந்து பாயில் வழியும் மழைநீரை வாளியில் பிடித்தே காலம் தள்ளினார். பேட்டரியைப் பார்க்கும்போது அமிலம் தெறித்துக் கண்ணில் பட்டது. வானொலியில் பேசும் வசதி செத்துப்போனது. ஆஸ்திரேலியாவை எட்டும்போது, காற்றை வைத்துத் தானாகச் சுக்கான் பிடிக்கும் அமைப்பும் முறிந்தது. மிச்சப் பாதியைப் பாய்களை ஏற்றி இறக்கிச் சமன் செய்து, படகே தன்னால் நேராகப் போகும்படி பழக்கி ஓட்டினார். கவனித்தால் ஒன்று தெரியும். உடைந்தது பெரும்பாலும் கையால் தொட்டுச் சரிசெய்யக் கூடியதாக இருந்தது, சரிசெய்ய முடியாததை விட்டுவிட்டும் ஓட முடிந்தது. அந்தப் படகு அவ்வளவு எளிமை.

இன்றைய படகின் உடம்பில் கலப்பத்துக்கு வேலையில்லை. தாரிணி போன்ற படகில் பொருத்தே கிடையாது. ஆனால் உள்ளே ஒரு சின்ன மின்நிலையம் குடியேறிவிட்டது. சூரியத் தகடு, பேட்டரி, ஆட்டோபைலட், ரேடார், பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், செயற்கைக்கோள் தொலைபேசி, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம். ஒவ்வொன்றும் வரம்தான். ஆட்டோபைலட் சம்பளம் கேட்காத மூன்றாவது ஆள், தூங்காது, சலிக்காது. ஆனால் அது மின்சாரத்தைத் தின்கிறது, மின்சாரமும் உப்பு ஈரமும் ஒரே அறையில் வாழ்கின்றன. தாமிரக் கம்பியின் முனையில் பச்சைப் பூஞ்சை போல் ஒரு அரிப்பு படியும். எந்த முனை என்று தேடிக் கண்டுபிடிக்க, ஆடுகிற படகில் வாயில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு தளத்துக்கு அடியில் குப்புறப் படுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் சுக்கானை யார் பிடிப்பது? இரண்டாவது ஆள். அவர் தூங்க வேண்டிய நேரம் அது.

கடல் தொலைவு என்பது ஒரு காலத்தில் மௌனத்தையும் குறித்தது. 1968 நவம்பரில் நியூசிலாந்தின் தென்தீவுக் கரையில் ஒரு பத்திரிகையாளர் சுஹைலியைப் பார்த்துப் பேசினார். அதன் பிறகு நான்கு மாதத்துக்கு மேல் ஒரு சேதியும் இல்லை. 1969 ஏப்ரல் தொடக்கத்தில் அசோரஸ் தீவுகளுக்கு மேற்கே ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைக் கண்டபோதுதான் ஆள் உயிரோடு இருப்பதே வீட்டுக்குத் தெரிந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஓடியது தனியாளாக உலகைச் சுற்றும் ஒரு பந்தயத்தில். அதே பந்தயத்தில் பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சுக்காரர் கேப் ஹார்னைக் கடந்து, வென்றுவிடக்கூடிய நிலையில் இருந்தவர், பரிசும் வேண்டாம் பேரும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். அந்தச் சேதியை ஒரு கப்பலின் தளத்துக்குக் கவண்வில்லால் எய்துவிட்டு, மறுபடி கிழக்கே திரும்பி தாஹிதிக்குப் போய்விட்டார்.

டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் கதை இதற்கு நேர் எதிர். கடன், ஆயத்தமில்லாத படகு, திரும்பிப் போனால் அவமானம். அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய் இடங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1969 ஜூலை 10 அன்று அவர் படகு ஆளில்லாமல் மிதந்தது கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே இருந்த பயணக் குறிப்பேடுகள் உண்மையைச் சொல்லின. அந்தப் பந்தயத்தில் கிளம்பியவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவரே. தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை அவர் க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

க்ரோஹர்ஸ்டின் பொய் இன்று ஒரு நாள்கூடத் தாங்காது. பந்தயப் படகு எங்கே நிற்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் கைபேசியில் பார்க்கிறார்கள். முவாத்தெசியேயின் மௌனமும் கிடைக்காது. இது நல்லதா என்று கேட்டால் பெரும்பாலும் நல்லது என்பேன். வயிற்றில் வலி வந்தால் மருத்துவரிடம் பேசலாம். சுஹைலியில் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு வயிற்று வலி வந்தபோது குடல்வால் வீங்கிவிட்டதோ என்று பயந்து தனியே கிடந்தார். வலி தானாக அடங்கியது, அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் வீட்டின் குரல் தினமும் கேட்கும்போது வீட்டின் கவலையும் கூடவே வருகிறது. நடுக்கடலில் இருப்பவரால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

வானிலை விஷயத்திலும் ஒரு பாதிதான் மாறியிருக்கிறது. அன்று காற்றழுத்தமானியின் முள், மேகத்தின் வால், மேற்கே எழும் நீண்ட அலை, இவ்வளவுதான் குறி. இன்று அடுத்த வாரத்தின் காற்றுக்கே படம் வருகிறது. என்றாலும் சாதாரணப் பயணப் படகு ஒரு நாளைக்கு 150 முதல் 200 கடல்மைல் ஓடும். தென்கடலில் மேற்கிலிருந்து கிளம்பும் தாழ்வழுத்தம் அதைப் போல் மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் வரும். நாலு நாள் முன்பே தெரிந்தாலும் ஓடி ஒளிய முடியாது. கொஞ்சம் வடக்கே ஏறி விளிம்பை வாங்கிக்கொள்ளலாம், பாயைச் சுருக்கலாம், பண்டங்களைக் கட்டலாம், முன்கூட்டியே தூங்கி வைக்கலாம். தாரிணியின் இருவரும் மணிக்கு 50 கடல்மைல் வேகக் காற்றையும் 7 மீட்டர் அலைகளையும் சந்தித்தார்கள். முன்னறிவிப்பு இருந்தது. அலை அதற்காகக் குட்டையாகிவிடாது.

இப்போது மாறாததற்கு வருகிறேன். கடலில் மோதல் தடுக்கும் சர்வதேச விதிகளில் ஐந்தாவது விதி மிக எளிமையானது: எந்தக் கலமானாலும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் தகுந்த காவல் வைத்திருக்க வேண்டும். தனி ஆளாகப் பெருங்கடல் கடக்கும் யாராலும் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது. தூங்கிய நிமிடமே மீறல். உலகம் மாலை போட்டு வரவேற்கும் தனிப் பயணிகள் எல்லோரும் சட்டப்படி பார்த்தால் விதிமீறியவர்கள். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

தனிப் பயணிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்ப்பதாகச் சொல்வார்கள். அந்த இருபதுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சின்னப் படகின் தளத்தில் நிற்பவர் கண்ணுக்குப் பெரிய சரக்குக் கப்பல் எட்டுப் பத்துக் கடல்மைலில் தெரியத் தொடங்கும். அது மணிக்கு 20 மைலில் வருகிறது, படகு 6 மைலில் எதிரே போகிறது. நெருங்கும் வேகம் 26. எட்டு மைல் கரைய பதினெட்டு நிமிடம் ஆகும். கடைசியாகப் பார்த்தபோது காலியாக இருந்த கடலில், அடுத்து எழும்போது தலைக்கு மேல் இரும்புச் சுவர் நிற்கலாம். ஏஐஎஸ் மணியடித்து எழுப்பும் காலம் வந்த பிறகு இந்தப் பயம் நிறையவே தணிந்திருக்கிறது. ஆனால் ஏஐஎஸ் வைக்காத மீன்பிடிப் படகு உண்டு, கப்பலிலிருந்து விழுந்து பாதி மூழ்கி மிதக்கும் கன்டெய்னர் உண்டு, தூங்கும் திமிங்கிலம் உண்டு. அவற்றுக்குக் கண்தான்.

இருவர் என்றால் ஒருவர் தூங்க ஒருவர் விழித்திருக்கலாமே என்று தோன்றும். நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் ஓய்வு என்று மாற்றிக்கொண்டால் ஆளுக்கு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓய்வு வருகிறதே! காகிதத்தில் வருகிறது. அந்தப் பன்னிரண்டுக்குள்தான் சமையல், கழுவல், பழுது, கரையோடு பேச்சு, கணக்கு எல்லாம். காற்று ஏறினால் பெரும்பாயைக் குறைக்க இருவரும் வேண்டும். ஆட்டோபைலட் தடுமாறினால் இருவரும் வேண்டும். ஈர உடையைக் கழற்றிப் படுத்து, உடம்பில் சூடு ஏறித் தூக்கம் வரும்போதுதான் மேலே இருந்து குரல் வரும். எழுப்புகிறவருக்கும் மனம் வராது. இன்னும் பத்து நிமிடம் பொறுப்போம், காற்று இறங்கிவிடும் என்று தள்ளிப்போடுவார். ஆள் குறைந்த படகில் நடக்கும் விபத்துகளில் இந்தப் பத்து நிமிட இரக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். பழகிய கடலோடிகளின் முதல் சட்டமே இதுதான்: பாயைக் குறைக்கலாமா என்ற யோசனை வந்தால் அப்போதே குறை.

தூக்கம் கெட்ட மூளை விசித்திரமானது. ஸ்லோகம் 1895இல் அசோரஸைத் தாண்டியதும், பிளம் பழமும் வெண்ணிறப் பாலாடைக்கட்டியும் தின்று வயிற்றுப் பிடிப்பு வந்து சுருண்டு கிடந்தார். புயல் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து பார்த்தால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்கிறார். கொலம்பஸின் பிண்டா கப்பலை ஓட்டிய மாலுமி என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்! காலையில் படகு சரியான திசையில்தான் போயிருந்தது என்று ஸ்லோகம் சாதித்தார். இந்தப் பிரமைகளில் இருந்து இன்றைய தனிப் பயணிகளும் தப்பவில்லை. துறைமுகத்துக்கு வந்துவிட்டோம் என்று படகிலிருந்து இறங்கப் போனவர்கள் கதைகள் கடலோடிகளிடையே நிறைய. இருவர் இருப்பதன் பெரிய லாபம் அதுதான். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால், இல்லாத துறைமுகத்தில் இறங்க விடமாட்டார்.

ஆனால் அந்த இரண்டாவது ஆள் தூங்கும்போது முதல் ஆள் தண்ணீரில் விழுந்தால்? மணிக்கு 8 கடல்மைலில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 250 மீட்டர் போய்விடும். ஏழு மீட்டர் அலைகளுக்கு நடுவே 250 மீட்டர் தள்ளி ஒரு மனிதத் தலை தெரியாது. தெரிந்தாலும் படகைத் திருப்பி, பாயை இறக்கி, நனைந்து கனத்த ஒருவரை ஒரே ஆளாகத் தூக்கி மேலே போட வேண்டும். இதில் எந்தத் தொழில்நுட்பமும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. விழுந்ததும் மணியடிக்கும் சின்னக் கருவிகள் வந்திருக்கின்றன, நல்லது. என்றாலும் உயிரைக் காப்பது இடுப்பிலிருந்து படகுக்குப் போகும் இரண்டு மீட்டர் வார்ப்பட்டைதான். அதன் கொக்கியை மாட்ட மறந்த இரவுதான் ஆபத்தான இரவு.

மாறியதிலேயே பெரிய மாற்றம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. விபத்துக்குப் பின் என்ன நடக்கும் என்பது தலைகீழாகிவிட்டது. 2018இல், 1968 பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி, அன்றைய மாதிரிப் படகு, அன்றைய மாதிரிக் கருவி என்ற நிபந்தனையோடு கோல்டன் குளோப் பந்தயத்தை மறுபடி நடத்தினார்கள். செக்ஸ்டன்டும் காகித வரைபடமும்தான் வழிகாட்டி. ஜிபிஎஸ் முத்திரையிட்ட பெட்டியில், ஆபத்தில் மட்டும் உடைக்க. அதில் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி, கோவாவில் கட்டிய சுஹைலியின் பிரதியான துரியாவில் கிளம்பினார். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டு அவரால் எழவே முடியவில்லை. குறுஞ்சேதி தட்டி அனுப்பினார். ஆஸ்திரேலிய மீட்பு மையம் வேலையைக் கையில் எடுத்தது. இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் பறந்து வந்து படகைக் கண்டது. மூன்றாம் நாள் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஒசிரிஸ் அவரைத் தூக்கிச் சென்றது. 1968இல் இதே அலை சுஹைலியைப் புரட்டியிருந்தால், பேச வானொலியும் இல்லாத நாக்ஸ்-ஜான்ஸ்டனைத் தேடி யாரும் எங்கும் போயிருக்க முடியாது. டோமி முதுகெலும்பு அறுவைக்குப் பிறகு 2022இல் மறுபடி அதே பந்தயத்தில் இறங்கி, இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நியூஷாஃபர். வழியில் படகு மூழ்கிப்போன இன்னொரு போட்டியாளரைக் காப்பாற்றிவிட்டும் முதலில் வந்தார்.

2022 பந்தயத்தில் கிளம்பியது 16 பேர். எங்கும் நிற்காமல் முடித்தது மூவர். பழைய கருவியோடு பழைய மாதிரிப் படகை அனுப்பினால் ஏறக்குறைய பழைய விகிதமே வருகிறது. உயிர் மட்டும் மிஞ்சுகிறது. அதே உலகை அதே வழியில் தனி ஆளாகச் சுற்றும் வாந்தே குளோப் பந்தயத்தில், நவீனப் படகில் சார்லி தலாங் 2025 ஜனவரியில் 64 நாளில் திரும்பினார். கிளம்பிய 40 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் முடித்தார்கள். அந்தப் படகுகள் தண்ணீருக்கு மேல் எழும்பிப் பறக்கின்றன. உள்ளே இரைச்சலும் குலுக்கலும் தாங்காமல் தலைக்கவசம் போட்டுக்கொள்கிறார்கள். வேகம் ஒரு கஷ்டத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுத்திருக்கிறது.

1968இல் கிளம்பிய ஒன்பது பேரும் ஆண்கள். இதைச் சொல்லி வியக்கவே அன்று யாரும் இல்லை. உலகைத் தனியாகச் சுற்றிய முதல் பெண், போலந்தின் கிறிஸ்தினா கோய்னோவ்ஸ்கா-லிஸ்கியெவிச், 1978இல்தான் முடித்தார். 2017-18இல் தாரிணியில் ஆறு இந்தியக் கடற்படைப் பெண்கள் உலகைச் சுற்றினார்கள். அடுத்த முறை அதே படகில் இரண்டு பேர். ஆறு இரண்டானதுதான் இதில் பெரிய செய்தி. ஆறு பேரில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் ஐந்து பேர் இருப்பார்கள். இரண்டில் ஒருவர் படுத்தால் மற்றவர் தனிப் பயணிதான், அதுவும் ஒரு நோயாளியோடு. அதனால்தான் கடற்படை அவசரப்படவில்லை. இருவரையும் மூன்று ஆண்டு பயிற்சியில், முதலில் பெரிய குழுவோடும் பிறகு இருவராக மட்டும் மொரீஷியஸ் வரைக்கும் என்று, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடல்மைல் ஓடவிட்ட பிறகே உலகம் சுற்ற அனுப்பியது. அபிலாஷ் டோமி வழிகாட்டினார். 2025 ஜனவரி இறுதியில், மிக அருகிலுள்ள நிலமே 2,688 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாயின்ட் நெமோவை அவர்கள் கடந்தபோது, கையில் இருந்த முக்கியமான கருவி அந்த முப்பதாயிரம் மைல்தான்.

நம் கரைக்கும் இந்தக் கணக்கு புதிதில்லை. இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் ஓட்டிச் சென்று 1938இல் அமெரிக்காவின் க்ளஸ்டர் துறைமுகத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தூத்துக்குடித் தோணிகளில் எஞ்சின் வரும் வரை கொழும்புக்கும் அதற்கப்பாலும் பாயில்தான் போனார்கள். எஞ்சின் வந்ததும் அந்தக் கைத்தொழில் ஒரு தலைமுறையில் வற்றிப்போனது. வயிற்றுப்பாட்டுக்காகப் பாயேற்றியவர்களிடம் போய் எஞ்சின் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இன்று ஒரு புதுச்சேரிப் பெண் ஆழ்கடலில் பாயேற்றக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் கடற்படையில் சேர்ந்து கோவாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. கடற்படையின் பெருங்கடல் பாய்ப்படகு மையம் அங்கேதான், ஐஎன்எஸ் மாண்டோவியில் இருக்கிறது. உலகைத் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர் திலீப் டோண்டே, நிற்காமல் சுற்றிய டோமி, தாரிணியின் எட்டுப் பெண்கள் என எல்லோரும் கடற்படைக்காரர்கள்தாம்.

சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக் வரை போன சின்னப் பாய்ப்படகு விளையாட்டு நம் கரையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த படி இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள். தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகளும் இங்குள்ள பாய்ப்படகுச் சங்கங்களும் சேர்ந்து, முப்பது நாற்பது அடிப் படகுகள் இரண்டை வாங்கி, காற்றையும் நீரோட்டத்தையும் ரத்தத்தில் அறிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, சென்னையிலிருந்து அந்தமானுக்கும் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் நாலைந்து பேர் குழுவாக ஓட்டிப் பழக ஒரு குடிமக்கள் பள்ளி தொடங்கட்டும். ஜிபிஎஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கடல்மைலைக் கடலில்தான் சேர்க்க வேண்டும்.